லில்லஹம்மர் மரவீட்டில் குளிரும் கணப்பும்

நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 2017 இலையுதிர் காலத்தில் நாங்கள் தெற்கே வந்து லில்லஹம்மருக்கு அருகே ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். முழுமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் கொத்திப் பூட்டிய வீடு அது. இந்தக் கட்டுமுறைக்கு இங்கே ‘லாஃப்ட்’ என்று பெயர். காற்று வரவேண்டும் என்பதற்காகவே நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்த எனக்கு, இந்த வீட்டின் குணம் பிடிபட ஒரு முழுக் குளிர்காலம் வேண்டியிருந்தது.

அந்த முதல் தை மாதத்தில் வெளியே குளிர் −20 பாகைக்கு இறங்கியது. பிள்ளைகள் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டிலிருந்த மின்கணப்புகள், பழைய எண்ணெய்க் கணப்பு, இரும்பு விறகடுப்பு எல்லாவற்றையும் ஒருசேர முடுக்கி, ஒரே நாளில் வீட்டை 26 பாகைக்கு ஏற்றினேன். நள்ளிரவில் சுவர் ‘படார்’ என்று வெடித்த சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் அது மேலும் வறண்டு, மரத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதனால் மரம் சுருங்கி வெடிக்கிறது, இடுக்குகளும் விரிகின்றன.

மறுநாள் மெழுகுவர்த்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் சுடர் படுத்தே விட்டது. அங்கே மரங்களுக்கிடையே பழைய காலத்தில் அடைத்த பாசி, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. செம்மறி ஆட்டு மயிரைத் திரியாகத் திரித்து, மழுங்கிய மர ஆப்பால் இடுக்குக்குள் தட்டித் தட்டி ஏற்றுவதற்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்குமுன் செய்யவேண்டிய வேலை இதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அடைத்த பின் அதே கணப்புகள் பாதி வேகத்தில் ஓடியபோதே வீடு சூடாக இருந்தது.

6 அங்குல மரச்சுவர், நோர்வேயின் இன்றைய விதிகளின்படி கட்டும் சுவரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆனால் கனத்த மரம் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே திருப்பித் தரும். ஆகவே இவ்வீட்டுக்கு வேண்டியது, திடீரென்று பொங்கி அணையும் சூடு அன்று. நாள் முழுவதும் ஒரே சீராக நிற்கும் 20 பாகை. நடுவே வெற்றிடமில்லாத சுவரில் சூடான காற்றுக்குக் குழாய் பதிக்க வழியில்லை என்பதால் அந்த யோசனையைத் தொடக்கத்திலேயே கைவிட்டோம். கனிம எண்ணெயால் கட்டடங்களைச் சூடாக்குவது 2020 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டதால் எண்ணெய்க் கணப்பும் போயிற்று.

எஞ்சிய வழிகளில் இரண்டைச் சேர்த்தே வைத்துக்கொண்டோம். ஒன்று மாக்கல் போர்த்திய விறகடுப்பு. கல்சட்டியில் வைத்த குழம்பு, இறக்கிய பின்னும் கொதித்துக்கொண்டிருப்பதைக் கண்டவர்களுக்கு மாக்கல்லின் அருமையை விளக்கத் தேவையில்லை. மாலையில் எரித்த நெருப்பின் சூடு விடியும்வரை அந்தக் கல்லில் இருக்கிறது. அதன் பாரத்தைத் தாங்கத் தரைக்குக் கீழே தனியே அத்திவாரம் போட்டோம். ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைந்த பூர்ச்ச (birch) மர விறகை அடுக்கி, மேலிருந்து கொளுத்த வேண்டும். கீழிருந்து மூட்டிப் பழகிய எனக்கு இது தலைகீழாகத் தோன்றினாலும், புகை குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்சாரம் நின்றாலும் இந்த அடுப்பு நிற்காது.

மற்றொன்று வெப்பப் பம்பு, அதாவது வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி. மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தருகிறது. கடுங்குளிரில் அந்தப் பலன் வெகுவாகக் குறைந்துவிடும், அப்போது அடுப்புத்தான் துணை. 2021 இறுதியில் தென் நோர்வேயில் மின்கட்டணம் மிகவும் உயர்ந்து, டிசம்பரிலிருந்து அரசே ஒரு பங்கைச் செலுத்தத் தொடங்கியபோது, மின்கணப்புகளை மட்டும் நம்பாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று உணர்ந்தோம். பம்பைப் பொருத்த வந்தவர் அதன் வெளிப்பெட்டியை மரச்சுவரிலேயே திருகிவிட்டார். அதன் அதிர்வு சுவர் வழியே ஓடிப் படுக்கையறையில் ஓயாத ரீங்காரமாகக் கேட்டது. பின்னர் பனி மூடாத உயரத்தில், தரையில் தனித் தாங்கி அமைத்து அதில் மாற்றிவைத்தோம். குழாய்க்காகச் சுவரில் இடும் துளையும் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இல்லையேல் நீர் உள்ளே வடிந்து மரம் உளுத்துவிடும்.

இதே பம்பு கோடையில் குளிரூட்டவும் செய்யும் என்றாலும், அதற்கு ஆண்டில் சில நாட்களே வேலை. நோர்வே வெந்து தவித்த 2018 ஆடியில் எங்களிடம் அது இருக்கவும் இல்லை. இரவு முழுவதும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, காலை எட்டு மணிக்கு முன் மூடி, தெற்குப் பக்கத் திரைகளை இழுத்துவிட்டோம். பிற்பகலிலும் மரச்சுவரில் கை வைத்தால் இரவின் குளிர்ச்சி இருந்தது.