அழகாக்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்: கேம் கதை ப்ராஜெக்ட் அனுபவம்

வீடியோ கேம் கதைசொல்லல் பாடத்தில், கடைசிக் கட்டுரைக்குப் பதிலாக விளையாடக்கூடிய ஒரு சின்ன கேம் செய்து தரலாம் என்றார்கள். கட்டுரையிலிருந்து தப்பித்தோம் என்று குதித்தேன். தலைப்புத் திரைக்கு மட்டும் 3 வாரம் செலவழித்தேன். கதை பாதியில் நின்றது, மதிப்பெண்ணும் பாதிதான். அதற்கு அடுத்த செமஸ்டரிலிருந்து அதே பாடத்தில் ப்ராஜெக்ட் உதவியாளராக இருக்கிறேன். என்னைப் போலவே தலைப்புத் திரையில் ஆரம்பிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள்.

முதல் சந்திப்பில் நான் மென்பொருளைப் பற்றிப் பேசுவதே இல்லை. "விளையாடுபவர் என்ன செய்கிறார்?" என்று மட்டும் கேட்பேன். "நாயகனுக்கு ஒரு சோகமான கடந்த காலம் இருக்கு..." என்று பதில் வரும். அது நாயகனுடைய கதை, விளையாடுபவர் என்ன செய்கிறார் என்று மறுபடி கேட்பேன். பெரும்பாலும் அமைதிதான். அந்த அமைதியில்தான் ப்ராஜெக்ட் தொடங்குகிறது. 2013-இல் வந்த டிப்ரெஷன் குவெஸ்ட் என்ற கேமை அப்போது காட்டுவேன். மனச்சோர்வில் இருப்பவரால் எடுக்க முடியாத முடிவுகள் அதில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும், ஆனால் அழுத்த முடியாது. சோகம் என்ற சொல்லே தேவைப்படாத இடம் அது.

அடுத்த சிக்கல் கிளைகள். ஒவ்வொரு கட்டத்திலும் 2 தேர்வு, மொத்தம் 6 கட்டம் என்றால் கேட்க எளிதாக இருக்கும். எந்தக் கிளையும் மறுபடி சேராவிட்டால் 64 முடிவுகள், 127 காட்சிகள் எழுத வேண்டும். ஒரு செமஸ்டரில் இது நடக்காது. கிளை பிரியட்டும், இரண்டு காட்சி தள்ளி மறுபடி சேரட்டும், என்ன நடந்தது என்பதை ஒரு மாறி (கேம் ஒரு தகவலைக் குறித்துவைக்கும் இடம்) நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு டீமின் கதையில் அக்கா எழுதிய கடிதத்தைத் தம்பி பிரிக்கலாம், பிரிக்காமலும் விடலாம். இரண்டு வழியும் ஒரே சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். கடிதத்தைப் படித்திருந்தால் மட்டும், அக்கா பொய் சொல்லும்போது 'தெரியும்' என்ற தேர்வு கூடுதலாகத் திரையில் வரும். எழுத வேண்டியது ஒரு வரிதான், காட்சியின் எடையே மாறிவிடுகிறது. தனித்தனி முடிவுகள் எழுதிக் களைத்தவர்கள் இதைப் பார்த்துக் கொஞ்சம் கோபப்படுவார்கள், நியாயமான கோபம்.

எந்தக் கருவி என்று ஒரு நாளுக்கு மேல் யோசிக்காதீர்கள். எழுத்துதான் பிரதானம் என்றால் 2009-இல் வெளிவந்த, இலவசமான ட்வைன் போதும். பாத்திரங்கள் படமாக நின்று பேச வேண்டுமானால் ரென்பை. ட்வைனை பிரவுசரில் திறந்து எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உங்கள் கதை அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. சமர்ப்பிக்க 4 நாள் இருக்கும்போது ஒருவர் கணினி மெதுவாக ஓடுகிறது என்று பிரவுசர் தரவுகளை மொத்தமாக அழித்தார். கதையும் போனது. என்னால் அன்று தேநீர் மட்டும்தான் வாங்கித் தர முடிந்தது. ஆர்க்கைவ் என்ற தேர்வு கதைகளை ஒரு கோப்பாக இறக்கித் தரும். தினமும் எழுதி முடித்து எழுந்திருக்கும் முன் அதை அழுத்துங்கள், கோப்பின் பெயரில் தேதி போடுங்கள்.

பிறகு ஒலியும் படமும். இதில் தோற்பவர்கள் கலையில் தோற்பதில்லை, ஃபோல்டரில் தோற்கிறார்கள். ட்வைன் தரும் கோப்புக்குள் படமும் பாட்டும் தானாக வந்து உட்காராது. அவற்றை அதே ஃபோல்டரில் பக்கத்தில் வைத்து, முழு ஃபோல்டரையும் அனுப்ப வேண்டும். கதையில் எழுதிய கோப்புப் பெயரும் கோப்பின் உண்மையான பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் வேறுபட்டால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, இணையத்தில் ஏற்றியதும் சர்வர் பெரும்பாலும் கண்டுகொள்ளும், படமோ பாட்டோ வராது. கோப்பின் அளவையும் பாருங்கள்: சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஏறக்குறைய 1 எம்பிதான். குரோம் 2018 முதல் பொதுவாக ஒரு சொடுக்கு நடக்கும்வரை ஒலியை விடாது. அதனால் 'தொடங்கு' பொத்தான் உள்ள ஒரு திரையை முதலில் வையுங்கள். என் 3 வாரத் தலைப்புத் திரைக்குக் கடைசியில் கிடைத்த ஒரே நியாயம் இதுதான்.

இலவச இசை என்று எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. படைப்பாளிகள் தங்கள் படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் என்டி (ND) என்றிருந்தால், மாற்றியமைத்ததை வெளியிடக்கூடாது. நகரும் காட்சியோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதும் அந்த உரிமத்தின் கணக்கில் மாற்றியமைத்தல்தான். எடுத்த அன்றே பெயர், லிங்க், உரிமம் மூன்றையும் ஒரு அட்டவணையில் எழுதிவிடுங்கள். கடைசி இரவில் அந்த மழைச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

பாதி செமஸ்டரில் நான் கேட்பது ஒன்றே: படமில்லாமல், இசையில்லாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடும் ஒரு அசிங்கமான வடிவம். அதை டீமில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். "அங்கே இல்லை, இந்தப் பக்கம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டாலும் அந்தச் சோதனை வீண். அவர் எங்கே தயங்கினார், எதைப் படிக்காமல் தாண்டினார், எங்கே சிரித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்டோடு கேட்கும் விளக்கக் குறிப்பை எழுத உட்காரும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், "ஏன் இப்படி மாற்றினாய்?" என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே உங்கள் கையெழுத்தில் இருக்கும்.