சவூர் ஊர் டொக்டர்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் பெயர் அஸீஸ் சன்ஜார். துருக்கியில் சவூர் என்ற சிறிய ஊர்க்காரர். அம்மா அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஊரிலேயே டொக்டராக இருந்தவர், ஆராய்ச்சி ஆசையில் அமெரிக்கா போனார். கலாநிதிப் பட்டம் எடுத்த பிறகும் மூன்று ஆய்வுகூடங்கள் கைவிரித்துவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது டெக்னீஷியன் வேலை. சரி என்று அதில் சேர்ந்தார். பழுதான டிஎன்ஏயைக் கலம் திருத்துவது எப்படி என்று அங்கே துருவினார்.

நம்மூர் மத்தியான வெயில் தெரியும்தானே. அதிலுள்ள புறஊதாக் கதிர் தோல் கலத்தின் டிஎன்ஏயில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை (டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒட்டவைத்துவிடும். உடனே நொதியங்கள் வந்து இருபுறமும் வெட்டி, அந்தத் துண்டை எடுத்துவிடும். டிஎன்ஏயின் எதிர் இழையைப் பார்த்து வெற்றிடம் நிரப்பப்படும். பக்டீரியாவில் அந்தத் துண்டு 12, 13 நியூக்கிளியோட்டைட்டுதான், அதாவது டிஎன்ஏ அலகுகள்தான். எவ்வளவு நுட்பம்!

இந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதானவர்களுக்குச் சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். இன்னொரு பக்கம், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து புற்றுநோய்க் கலத்தில் செய்யும் சேதத்தையும் இதே நொதியங்கள் திருத்தி, மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அதையும் அவர் விடாமல் ஆராய்ந்தார். டிஎன்ஏ திருத்த ஆய்வுக்காக 2015இல் லின்டால், மொட்ரிச் என்ற இரு விஞ்ஞானிகளோடும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்த கிழமை வகுப்பில் இதுதான் பாடம். பிள்ளைகளே, கேள்விகளோடு வாருங்கள்.