பாட்டியின் நாடகக் கேசட்டுகள்: 7 வாரத்தில் 8 முடிந்தது

பாட்டி போய் 9 வருஷம் ஆகிறது. அவளுடைய தையல் பெட்டியின் அடித்தட்டில் 11 கேசட்டுகள் கிடந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையில் 7 வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். 8 முடிந்துவிட்டது. வீட்டில் இதேபோல் கேசட் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

வெளியூர் போன பிள்ளைகளுக்குப் பாட்டி கடிதம் எழுதமாட்டாள், நாடகம் அனுப்புவாள். கதை, வசனம், பாட்டு எல்லாம் அவளே. வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு வேஷம் உண்டு, யாரும் தப்பிக்க முடியாது. தாத்தாவுக்குப் பெரும்பாலும் திருடன் வேஷம். நான் மழை. பித்தளைத் தட்டில் மணலைத் தூவ வேண்டும்; பாட்டி கையைத் தூக்கினால் அடைமழை, இறக்கினால் தூறல்.

பழைய டேப் ரெக்கார்டரில் முதல் கேசட்டைப் போட்டதும் குரல் இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ரப்பர் பெல்ட் தொளதொளவென்று ஆகியிருந்தது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பெல்ட்டை மாற்றினேன். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மூன்று தடவையும் பஞ்சு பழுப்பாகத்தான் வந்தது. அப்புறம் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெதுவாகத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்தினேன். இந்த ஒரு வேலைக்கே குரலை மூடியிருந்த போர்வை விலகியதுபோல் இருந்தது.

ஆனாலும் அது பாட்டி இல்லை. வேறு யாரோ நிதானமான அம்மாள் பேசுவதுபோல் இருந்தது. இரண்டு வாரம் இதிலேயே போனது. கடைசியில் வழி காட்டியது பதிவில் இருந்த மின்சார ரீங்காரம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; ரீங்காரமும் அதில்தான் இருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பார்த்தால், நாடாவில் பதிந்த ரீங்காரம் 48இல் நின்றது. அதாவது, பாட்டி பதிவு செய்த மெஷின் அன்றைக்குக் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் இன்று சரியான வேகத்தில் ஓட்டினாலும் குரல் தாழ்ந்து கேட்கிறது. வேகத்தை 4.17 சதவீதம் கூட்டினேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டாள். “இதுதான்டா அவ குரல்” என்றாள். முழுப் பக்கமும் நின்றுகொண்டே கேட்டாள்.

5ஆவது கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத்துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. இன்னொரு கேசட்டின் கூட்டைத் திருகு கழற்றி, நாடாவை அதற்குள் மாற்றிவைத்தேன். கை நடுங்கியது, ஆனால் நல்லபடியாக முடிந்தது.

6ஆவதுதான் மனசைக் கெடுத்தது. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று, முதுகுப்பக்கம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் பாட்டி கொண்டை ஊசியால் உடைத்துவைப்பாள். எல்லாக் கேசட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. இதில் மட்டும் அந்த ஓட்டைமேல் செல்லோடேப் ஒட்டி, யாரோ சினிமாப் பாட்டு பதிந்திருந்தார்கள். 45 நிமிஷத்தில் கடைசி மூன்று நிமிஷம்தான் மிச்சம். அதில் பாட்டி, தான் கட்டிய தாலாட்டின் கடைசி அடியைப் பாடுகிறாள், நடுவில் நிறுத்தி ஒரு சொல்லை மாற்றுகிறாள், திரும்பப் பாடுகிறாள். முதல் சொல்லும் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குப் போதவில்லை.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கிறேன். 90 நிமிஷக் கேசட் ஒன்றுக்கு ஸ்டீரியோவில் சுமார் 1.5 ஜிபி ஆகிறது. இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல், பிரதி எடுத்துத்தான் திருத்த வேண்டும்.

அந்தப் பழக்கம்தான் 8ஆவதில் காப்பாற்றியது. நாடா இரைச்சலை எடுக்க, யாரும் பேசாத ஓரிடத்தை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். பாட்டியின் கேசட்டில் அப்படியோர் இடம் கிடைப்பதே கஷ்டம். வசனம் இல்லாத நேரத்தில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். எப்படியோ இரண்டு நொடி தேடிப்பிடித்து இரைச்சலை நீக்கினேன். குரல் கண்ணாடிபோல் வந்தது. ஆனால் மழையைக் காணோம். தட்டில் விழும் மணலும் நாடாவின் இரைச்சலும் மென்பொருளின் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் போலிருக்கிறது. மொத்தமாகத் துடைத்துவிட்டது.

மூலத்தைத் திரும்ப எடுத்து, இரைச்சலோடே வைத்துவிட்டேன். இப்போது 12ஆவது நிமிஷத்தில் தூறல் தொடங்குகிறது, வலுக்கிறது, சட்டென்று யாரோ சிரிக்கிறார்கள். “டேய் மழை, சிரிக்காதே. திருடன் இன்னும் வரலை” என்கிறாள் பாட்டி. மழை மறுபடியும் பெய்கிறது.

மிச்சம் மூன்று. அதில் ஒன்றின் கூட்டில் திருகே இல்லை, முழுக்க ஒட்டிய கூடு. இந்த ஞாயிற்றுக்கிழமை மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளந்து திறக்கப் பார்க்கிறேன்.