செருப்புப் பிணைச்சல்

திருகோணமலையில், உவர்மலையிலிருந்து டவுனுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பச்சைப் பெயின்ற் அடித்த தகரப் படலை ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். போன கிழமைதான் அதன் பிணைச்சலைக் கவனித்தேன். இரும்பு இல்லை, பழைய பாட்டாச் செருப்பு.

சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். செருப்பின் அடியை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டும் வைத்து, மரத்தூணோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். மேலே இருந்தது நீலம், கீழே இருந்தது சிவப்பு. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே சோடாப் போத்தல் மூடி ஒன்று, தட்டிச் சப்பையாக்கியது. ஆணித்தலை இறப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமல் அந்த மூடிதான் பிடிக்கிறது. நீலத் துண்டில் குதிக்கால் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம் இன்னும் தெரிகிறது. யாரோ எவ்வளவு தூரமோ நடந்து தேய்த்த பள்ளம். படலையை மெல்லத் தள்ளினேன். கிறீச் என்ற சத்தமே இல்லை. கடலுக்குப் பக்கத்தில் இரும்புப் பிணைச்சல் உப்புக்காற்றில் கெதியாய்த் துருப்பிடித்து இறுகிவிடும். இறப்பருக்கு அந்தக் கவலை இல்லை. செய்த மனுசனுக்கு அது நல்லாய்த் தெரிந்திருக்கிறது.

போனை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்த மாதத்தின் பதினோராவது படம் அது.

எண்ணுவதற்குக் காரணம் அப்பா. அவர் ஒரு பிலிம் றோல் வாங்கினால் அது ஒரு வருடம் ஓடும். 36 படம். பொங்கலுக்கு நாலு, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆறு, பிறந்தநாளுக்கு ஒன்று, யாராவது கொழும்பிலிருந்து வந்தால் இரண்டு. கடைசிப் படம் எடுத்து முடியும்வரை முதல் படம் எப்படி வந்தது என்று தெரியாது. நானும் மாதத்துக்கு 36 என்று வைத்திருக்கிறேன். முடிந்தால் முடிந்ததுதான். இரண்டு வருடமாக இந்தக் கணக்கில் இருக்கிறேன். இதனால் வந்த லாபம், நான் எடுக்காமல் விட்ட படங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

பழைய பிலிம் கமரா மாதிரிப் படம் தரும் செயலிகள் இப்போது நிறைய. ஹிப்ஸ்டமாட்டிக் 2009இல் வந்தது, இன்ஸ்டகிராம் 2010இல் வந்தபோது அதுவும் சதுரப் படம்தான். ஹூஜி கேம் 1998ஆம் ஆண்டுக் கமரா மாதிரி எடுக்கும். மூலையில் செம்மஞ்சள் எண்களில் 98 என்று வருடமும் விழும். சில படங்களில் ஓரத்தில் சிவப்பாய் ஒரு வெளிச்சக் கீற்று வரும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய கமராவின் பின்கதவில் வெளிச்சம் புகாமல் பஞ்சுப் பட்டி ஒட்டியிருப்பார்கள். அது உக்கிப் போனால் வெளிச்சம் பின்பக்கத்தால் கசியும். கலர் பிலிமில் சிவப்பை உணரும் படைதான் ஆகப் பின்னுக்கு இருக்கிறது. அதனால் கசிந்த வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும். செயலிக்குப் பின்கதவும் இல்லை, பஞ்சும் இல்லை. ஆனாலும் அந்தக் கீற்று எனக்குப் பிடிக்கும். ஒரு பழுதை இவ்வளவு அக்கறையாகத் திருப்பிச் செய்திருக்கிறார்கள்.

98 என்று விழுவதை மட்டும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. திகதியை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு படம்.

அம்மம்மாவின் வீடு திருக்கடலூரில் இருந்தது. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது வீட்டோடு ஆல்பங்களும் போயின. சித்தியிடம் வவுனியாவில் இருந்த ஒரு படம் மட்டும் மிஞ்சியது. பின்னால் நீலப் பேனையால் ‘தைப்பொங்கல் 1984’ என்று எழுதியிருக்கிறது. முற்றத்தில் அம்மம்மா நிற்கிறா, பக்கத்தில் அம்மா, அம்மாவின் இடுப்பில் அண்ணா. பின்னால் வலை காய்கிறது. படம் முழுக்க இளஞ்சிவப்பாய் இருக்கும். வானம், மணல், அம்மம்மாவின் வெள்ளைச் சேலை எல்லாமே. பின்னேரம் பொழுதுபடும்போது எடுத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டபோது, “இல்லைப் பிள்ளை, அது காலமை பொங்கி முடிஞ்ச கையோட எடுத்தது. வானம் நல்ல நீலம்” என்றா.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். கலர்ப் படத்தில் மூன்று சாயப் படைகள் இருக்கின்றன: மஞ்சள், மஜந்தா, சயன் என்கிற பச்சை கலந்த நீலம். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் சயன்தான் முதலில் மங்கும், இருட்டில் ஆல்பத்துக்குள் பூட்டி வைத்திருந்தாலும். நீலம் போய்விட்டால் மிச்சம் சிவப்புத்தான். அம்மா பார்த்த வானம் படத்திலிருந்து மெல்ல மெல்லக் கழன்று போயிருக்கிறது. வருடம் மட்டும் பின்பக்கத்தில் சரியாக நிற்கிறது. அதனால் நான் எடுக்கும் படத்துக்கு நிறம் எப்படி வந்தாலும் திகதி பொய்யாக இருக்கக்கூடாது. ஸ்ரூடியோவில் 4க்கு 6 அளவில் அச்சடித்துப் பின்னால் பேனையால் எழுதிவிடுகிறேன்.

பழைய நிறத்தை எல்லாவற்றுக்கும் போடுவதும் இல்லை. முதலில் போட்டுப் பார்த்தேன். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான் ஒன்று ஒருநாள் கடற்கரைப் பக்கத் தேத்தண்ணிக் கடை வாசலில் வந்து, வடைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. ஊர் ஆட்களுக்கு இது புதினமில்லை, வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் போனோடு ஓடுவார்கள். நானும் எடுத்தேன். பிலிம் மாதிரியான புள்ளிப் புள்ளி மணல் படத்தில் ஏற, மானின் புள்ளிகளை அந்த மணல் விழுங்கிவிட்டது. பழுப்பாய் ஒரு ஆடு நிற்கிற மாதிரி இருந்தது. மானுக்கு வெறும் போன் கமராவே போதும்.

பிரட்றிக் கோட்டை வாசலுக்கும் போட மாட்டேன். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கட்டிய கோட்டை அது. வாசல் கல்லில் மீன் சின்னம் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் தமிழ் எழுத்து. நானூறு வருடம் நின்ற கல்லுக்கு நான் போனைக் கொண்டு வயது ஏற்றத் தேவையில்லை.

நான் பழைய நிறம் போடுவது திருத்திய சாமான்களுக்கு. உடைந்து, பிறகு யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்ததை வைத்து ஓட வைத்த சாமான். மத்திய வீதியில் ஒரு கடைக்காரர் தையல் மெசினின் இரும்புக் காலுக்கு மேல் பலகை போட்டு மேசையாக்கியிருக்கிறார். கீழே மிதிபலகை அப்படியே இருக்கிறது, காசு எண்ணும்போது அவர் கால் தானாக அதை மிதிக்கும். டச் பே கடற்கரையில் ஒரு வள்ளத்தின் ஓட்டையை விளம்பரத் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள், அதில் சிரிக்கும் ஒரு வாயும் பாதி மூக்கும் மட்டும் தெரியும். பின்வீட்டு ஐயா மூக்குக்கண்ணாடிக் காலை மீன்பிடித் தங்கூசியால் கட்டியிருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். “முகம் வேண்டாம், கண்ணாடியை எடு” என்று கழற்றித் தந்தார். இப்படியானவற்றைப் போன் தன்பாட்டில் எடுத்தால் எல்லாவற்றையும் ஒரே கூர்மையாய்க் காட்டும், நிழலில் இருப்பதையும் வெளிச்சமாக்கிவிடும். பழைய மாதிரி எடுத்தால் ஓரங்கள் இருளும், நிறம் குறையும், நடுவில் அந்த முடிச்சு நிற்கும். கட்டின கை பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

எடுக்க நல்ல நேரம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். டச் பே பக்கம் சூரியன் கடலிலிருந்து நேரே வரும், நிழல் நீளமாய் விழும். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் பத்து மணிக்கு மேல் எல்லாமே வெளிறிப் போகும். கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றால் போன் லென்ஸில் உப்புப் படியும். துடைக்காமல் சூரியனுக்கு எதிரே ஒன்று எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிப் பால் ஊற்றிய மாதிரி ஒரு மங்கல் வரும், எந்தச் செயலியும் வேண்டாம். பிறகு மறக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

செருப்புப் பிணைச்சல் படத்தை ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

“எங்கட படலைக்கும் அப்பா இப்பிடித்தான் போட்டவர். ஆனா செருப்பில்லை, லொறி ரயர். அம்மா அந்தப் படலையைச் சாத்தாம ஒரு நாளும் படுக்கமாட்டா.”

அம்மப்பா படலை கட்டிய கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. எழும்பிப் போய்ப் பொங்கல் படத்தை எடுத்து வந்தேன். இரண்டு பேரும் ஜன்னலடியில் வைத்துப் பார்த்தோம். இடதுபக்க ஓரத்தில், அண்ணாவின் காலுக்கு அங்கால், மணலில் நிழல் ஒன்று குறுக்குக் கம்புகளோடு விழுந்திருக்கிறது. அதுதான் படலை என்று அம்மா விரல் வைத்துக் காட்டினா. படலை படத்துக்குள் இல்லை.