மறுதரப்பு

"மறுதரப்பைக் கருதவில்லை" என்று ஒரு மாணவனின் கட்டுரைத் தாளில் சிவப்பு மையில் எழுதி, 10-க்கு 6 போட்டேன். 2024 செப்டம்பரில் எழுதிய அந்த இரண்டு சொற்கள் என்னை இன்னும் விடவில்லை.

தலைப்பு நான் கொடுத்ததுதான்: "கல்லூரிப் படிப்பு அவசியமா? வாதிட்டு எழுதுக." எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம், காரணத்துக்குத்தான் மதிப்பெண் என்று பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லித்தான் எழுதவைத்தேன். வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் அவசியமில்லை என்று எழுதினான்.

தாளின் நடுவே அடிக்கோல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் மாமன் மகன். அண்ணன் 2017-இல் பொறியியல் சேர்ந்து 2021-இல் முடித்தவன். வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. மாமன் மகன் அதே 2017-இல் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் என்கிற தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவன். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். ஆண்டுவாரியாகக் கூட்டிக் கழித்துக் கடைசியில் இரட்டைக் கோடு போட்டிருந்தான். அண்ணனுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைத்தது, வீட்டில் ஒருவருக்குத்தான் அது, தனக்குக் கிடையாது என்றும் எழுதியிருந்தான். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்று நான் பெருமையோடு வகுப்பில் சொல்லியிருந்தேன். அதையே எடுத்துக்கொண்டு, "பாதிப் பேர் கையில் இருக்கும் பட்டத்துக்கு முதலாளி ஏன் கூடுதலாகச் சம்பளம் தருவார்?" என்று கேட்டிருந்தான்.

நான் 6 போட்டதற்குக் காரணம் இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்துவிட்டது. அதில் இடம் பெறுபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அண்ணனுக்கு வாய்க்காதது இவனுக்கு வாய்க்கக்கூடும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வீட்டின் கணக்கை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்கியிருந்தான். வாதக் கட்டுரையில் இது குறைதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மதிய இடைவேளையில் தாளோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, இதில் எது தப்பு?"

"தப்பு என்று ஒன்றும் இல்லை தம்பி. மறுதரப்பு என்ன சொல்லும் என்று நீ யோசிக்கவில்லை."

"மறுதரப்பை ஒரு வாரமாக நீங்கள்தானே ஐயா வகுப்பில் பேசினீர்கள்?"

குரலில் துடுக்கு இல்லை. உண்மையாகவே கேட்டான். மற்ற ஆசிரியர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மணி அடிக்கப்போகிறது, வகுப்புக்குப் போ" என்றேன். மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அன்று மாலை மற்ற தாள்களை மறுபடி பிரித்தேன். கல்வியே கண் என்று தொடங்கி அப்படியே முடிந்த ஒரு கட்டுரைக்கு 8 போட்டு, "நன்று" என்றும் எழுதியிருந்தேன். அதில் கணக்கு இல்லை, உதாரணம் இல்லை, மறுதரப்பின் நிழல்கூட இல்லை. அதே குறை அங்கே என் கண்ணில் படவே இல்லை.

என் அப்பா குழித்தறி நெய்தவர். அரசு கலைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திராவிட்டால் நானும் அந்தக் குழியில்தான் காலை விட்டிருப்பேன். அந்த நன்றியோடு ஒருவன் இந்தத் தலைப்பைத் திருத்தினால் எப்படித் திருத்துவான்? கல்லூரி வேண்டாம் என்று பதினேழு வயதுப் பையன் சொல்லும்போது அவனுக்கு 9 போட்டு அனுப்புவது மட்டும் ஆசிரியர் வேலையா என்றும் தோன்றுகிறது. தோன்றிய மறுகணமே, நான் திருத்த வேண்டியது அவன் தாளை மட்டும்தானே என்றும் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஜூலையில் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். பி.காம். என்றான். பணம் யார் கட்டியது என்று கேட்டேன்.

"மாமன் மகன்தான் ஐயா. அவருக்கு இப்போது முதுகு வலி. பாதி ஷிப்டுக்கு மேல் உட்கார முடியவில்லை. நீ போய்ப் படி என்று அவரே சேர்த்துவிட்டார்."

கேட்டதும் மனம் குளிர்ந்தது. நான் கேட்ட மறுதரப்பு இதோ வந்துவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரு மனிதனின் முதுகு வலியில் எனக்கு என்ன மகிழ்ச்சி என்று, இறங்குவதற்குள் அதே மனம் கூசியது. அந்த 6 மதிப்பெண்ணைப் பற்றிப் பேச நினைத்தேன், பேசவில்லை. அவனும் எடுக்கவில்லை.

இந்த ஆண்டும் அதே தலைப்பைக் கொடுத்தேன். கல்லூரிப் படிப்பை ஆதரித்து அழகாக எழுதியிருந்த ஒரு மாணவிக்கு, மறுதரப்பு இல்லை என்பதால் 6 போட்டேன். "ஏன் ஐயா?" என்று வாசலில் வந்து நின்றாள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு பத்தியாக எடுத்து விளக்கினேன். அவள் புரிந்துகொண்டு போனபோது மதிய இடைவேளை முடிந்திருந்தது.