எலிக்குத்தான் டீச்சர்

"எலிக்குத்தான் டீச்சர்" என்று சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வருஷம் தாண்டியும், ட்ரிப் செட்டில் காற்றுக் குமிழியைச் சுண்டிவிடும் நேரத்தில் அந்த இரண்டு வார்த்தை காதில் கேட்கிறது.

டீச்சர் எங்கள் புற்றுநோய் டே கேர் வார்டில் நாலு தடவை ஏசி என்கிற இரண்டு மருந்து கீமோ, அப்புறம் பன்னிரண்டு வாரம் பாக்லிடாக்சல் என்கிற கீமோ முடித்தவர். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். நான் பம்ப்பில் வேகம் வைப்பதற்குள் அவரே, "ஐந்நூறு மில்லி, நாலு மணி நேரம்னா நூத்தி இருபத்தஞ்சு வைங்க சிஸ்டர்" என்பார். சிவப்பு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட மடியில் விடைத்தாள் கட்டு இருக்கும்.

முடித்து ஐந்து மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகிற வழியில் வார்டுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினார். "காஸ் மூடியாச்சு 7.10. பூட்டு இழுத்துப் பார்த்தாச்சு 7.25." பக்கம் பக்கமாக அப்படியே. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு டிக், சில வரிகளுக்கு இரண்டு டிக்.

"ஏழெட்டு எத்தனைன்னு தெரியாம போர்டு முன்னாடி நின்னுட்டேன் சிஸ்டர். முன் பெஞ்சுப் பொண்ணு ஒண்ணு மெதுவா, 'அம்பத்தாறு டீச்சர்'னு எடுத்துக் கொடுத்துச்சு. சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்ல."

நான் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். நிறைய பேருக்கு வருகிறதுதான், ஆறு மாசம், ஒரு வருஷத்தில் சரியாகிவிடும். நிறைய பேருக்கு அப்படித்தான் சரியாகிறது. சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும் என்பதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். ஒரு கிளினிக் கொடுத்தது. ஸ்டெம் செல், அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல், போட்டால் கீமோவால் மங்கிய மூளை தெளியும் என்று அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றைக் காட்டி அச்சடித்திருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சம், மூன்று தடவை.

"போட்டுக்கலாமா? உங்க அக்காவா இருந்தா என்ன சொல்வீங்க?"

"எலிக்குத்தான் டீச்சர்."

சிரித்தார். "அப்ப எலியாப் பொறந்திருக்கணும்." காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். "மேல் மாடி வார்டுல போடுறீங்களே, அதுவும் ஸ்டெம் செல்தானே?"

"அது ரத்தத்துக்கு."

"அந்த கிளினிக்ல முக்கால் மணி நேரம் உக்கார வெச்சுக் கேட்டாங்க சிஸ்டர். இதுக்கு 'கீமோ பிரெயின்'னு ஒரு பேரு இருக்குன்னே அங்கதான் தெரிஞ்சுது."

ஆறாம் நம்பர் பம்ப் கத்தியது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. அந்த அலாரத்தை அணைக்க இன்னொரு சிஸ்டர் பக்கத்திலேயே இருந்தார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சொன்னது சரிதான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அந்தக் காகிதத்தில் இருந்த ஆராய்ச்சி 2015ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நடந்தது. எலிகளுக்குச் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். டீச்சருக்கு ஏசியில் நான் என் கையால் ஏற்றிய அதே மருந்து. மருந்து முடிந்து ஒரு வாரத்தில் மனித நரம்பு ஸ்டெம் செல்களை எலியின் மூளைக்குள், ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியிலேயே ஊசியால் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வைத்த ஞாபகப் பரீட்சைகளில் அந்த எலிகள் தேறின. வெளிச் செல்லை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். 2018ல் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்காரர்கள் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து கொடுத்த சுண்டெலிகளுக்கு வேறு வகை ஸ்டெம் செல்லை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார்கள். அதிலும் நல்ல பலன். அதுவும் எலிதான்.

கிளினிக் போடுவதாகச் சொன்னது இந்த இரண்டும் இல்லை. வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல்லை எடுத்து ரத்தக்குழாயில் ட்ரிப் ஏற்றுவதாக இருந்தது. அப்படி ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். இர்வைன் எலியைக் காட்டி வேறொன்றை விற்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலும் தெளிவாகத்தான் இருக்கிறது: ரத்த நோய்கள் போல அனுமதித்த சில நோய்களுக்குத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல் கொடுப்பதென்றால் முறையான ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேர்கிறவரிடம் அதற்குக் காசு வாங்குவது முறையில்லை. மாஸ்கோவில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட ஒரு சிறுவனுக்கு, சில வருஷம் கழித்து அந்தச் செல்களிலிருந்தே மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வளர்ந்ததை 2009ல் எழுதியிருக்கிறார்கள். வேறு வகைச் செல், வேறு நோய், ஆனாலும் ஒரு தடவை புற்றுநோய் வந்துபோன உடம்பைப் பற்றி யோசிக்கும்போது அது ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

இவ்வளவையும் அன்று சொன்னேனா? இல்லை. உண்மையைச் சொன்னால் இதில் முக்கால்வாசி அன்று எனக்கே தெரியாது. ஒரு மீட்டிங்கில் அரைகுறையாகக் காதில் விழுந்த "எலி" மட்டும்தான் தெரியும். டீச்சர் போன பிறகு நைட் ட்யூட்டிகளில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். நான் சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். நடுவில் எங்கோ, மனிதர்களுக்கும் பலித்ததாக ஒரு வரியாவது கிடைக்காதா என்று தேட ஆரம்பித்திருந்தேன்.

மேல் மாடிக் கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். அங்கே போடுவது ரத்தம் ஊறும் செல், அது எலும்பு மஜ்ஜைக்குத் தானாக வழி கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்து ரத்தம் மட்டும்தான் செய்யும், மூளைச் செல் ஆகாது என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லலாம். கணக்கு டீச்சருக்குப் புரியாதா? "அது ரத்தத்துக்கு" என்பது பதிலா?

ஆனால் உறுத்துவது எலியும் இல்லை, மாடியும் இல்லை. அந்த முக்கால் மணி நேரம்தான்.

கீமோ ஆரம்பிக்கும் முன்னால் நாங்கள் கொடுக்கும் கவுன்சலிங் ஷீட்டில் முடி உண்டு, வாந்தி உண்டு, வாய்ப்புண், பேதி, 'காய்ச்சல் வந்தால் உடனே வரவும்' எல்லாம் உண்டு. மறதி என்று ஒரு வரி கிடையாது. டீச்சருக்கு அந்த ஷீட்டைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியது நான். தன் தலைக்குள் நடப்பதற்குப் பெயர் உண்டு என்பதை, ஏமாற்றுகிற ஒரு கடையில் போய் அவர் தெரிந்துகொண்டார். அவர்கள் நாலரை லட்சத்துக்காகக் கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். எங்களுக்கு ஒரு ஷிப்டில் முப்பது நாற்காலி, மூன்று பேர். இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரவே மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது, உயிர் முதலில்.

சொல்லக்கூடியது எதுவுமே இல்லையா என்றால் இருந்தது. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லியிருக்கலாம். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்டிருக்கலாம். தினமும் நடக்கச் சொல்லியிருக்கலாம். ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் சொல்வதே எழுதி வை, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதுதான். அந்தக் குட்டி நோட்டை டீச்சர் யாரும் சொல்லாமலே தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் காட்டினார். நான் நல்லது என்றுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் ஷீட்டின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: "சிலருக்கு மறதி, கவனக் குறைவு வரலாம், வந்தால் சொல்லவும்." ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அது இப்போது மங்கலாகத்தான் தெரிகிறது. கூட்டம் இருக்கும் நாளில் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறேன். பயந்த முகமாக இருந்தாலும் தாண்டிவிடுகிறேன்.

டீச்சர் போன மாசம் வந்தார். முடி நன்றாக வளர்ந்து பின்னல் போட்டிருந்தார். "இப்ப பரவாயில்ல சிஸ்டர், ஸ்கூல்ல பத்தாம் வகுப்பே கொடுத்துட்டாங்க" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஸ்டெம் செல் போட்டுக்கொண்டாரா என்று கேட்க வாய் வரை வந்தது. காலம் சரி செய்ததா, தைராய்டு மாத்திரையா, வேறு ஏதாவதா? கேட்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதி. ஆமாம், அதனால்தான் சரியானது என்று சொல்லியிருந்தால் என்ன செய்வேன்? இல்லை என்று எப்படி நிரூபிப்பேன்?

ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிவிட்டுப் போனார். என்னிடம் தேதி கேட்கவில்லை. கையில் நோட்டு இல்லை. பைக்குள் இருந்திருக்கலாம்.