ஃபில்டர் கேண்டிலில் டென்சியோமீட்டர்: மூன்றாவது முயற்சி

மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேருக்குப் பாதிச் செய்திதான். மண் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் மீதி. களிமண் கைக்கு ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவது அதனால்தான். அந்தப் பிடியை அளக்கவே டென்சியோமீட்டர் என்ற இந்தக் கருவி. தண்ணீர் நிரப்பி மூடிய குழாயின் அடியில் நுண்துளைப் பீங்கான். காயும் மண் அதன் வழியே தண்ணீரை இழுக்கும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சலை முள் காட்டும்.

தேவையானவை: தண்ணீர் ஃபில்டரில் வரும், உள்ளே கரி இல்லாத வெள்ளைப் பீங்கான் கேண்டில், 45 செ.மீ. பிவிசி குழாய், ஒரு டி (T வடிவ இணைப்பு), உறிஞ்சலை 0 முதல் 100 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு) வரை காட்டும் வேக்கம் கேஜ், மேலே ஒரு சாண் கண்ணாடிபோல் தெரியும் குழாய், ரப்பர் கார்க்.

முதல் முயற்சியில் முள் 18-ஐத் தாண்டவில்லை. பீங்கானும் பிளாஸ்டிக் அடியும் சேரும் இடத்தில் கசிவு. கேண்டிலை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரில் அமுக்கி, குழாய் வழியே வாயால் ஊதினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இணைப்பு என்றால் எபாக்சி பசை பூசலாம். பீங்கானின் உடம்பிலேயே குமிழி வந்தால் விரிசல். தூக்கிப் போட வேண்டியதுதான். நனைந்த நுண்துளையில் காற்று நுழையத் தேவையான அழுத்தம், 300-ஐத் துளையின் விட்டத்தால் (மைக்ரானில்) வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். துளை 3 மைக்ரான் என்றால் 100 கிலோபாஸ்கல் வரை தாங்கும்.

இரண்டாவதில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியது தப்பு. 40-ஐத் தாண்டியதும் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிந்தது. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, குலுக்காமல் குழாயின் ஓரமாக ஊற்ற வேண்டும்.

மூன்றாவது நின்றது. மின்விசிறிக் காற்றில் கேண்டிலைக் காயவிட்டால் முள் 70-க்கு மேல் ஏறி, தண்ணீரில் முக்கியதும் இறங்குகிறது. மண்ணில் நடும்போது அதே மண்ணைக் கூழாகக் கரைத்துக் குழியில் ஊற்றிவிட்டு இறக்க வேண்டும். பீங்கானும் மண்ணும் ஒட்டாவிட்டால் அளவு பொய். கேஜ் கேண்டிலுக்கு 45 செ.மீ. மேலே இருப்பதால், இடையிலுள்ள தண்ணீரின் எடையும் சேர்ந்து காட்டும்; அந்த எண்ணில் 4.5 கழிக்க வேண்டும்.

மணற்பாங்கான மண்ணில் 20-25, வண்டலில் 40-50 வந்ததும் தண்ணீர் விடலாம். தேங்காய் நார்க்கழிவில் கணக்கே வேறு: எளிதில் கிடைக்கும் நீரெல்லாம் 10-க்குள் முடிந்துவிடும். அங்கே 4.5 பெரிய பிழை, 15 செ.மீ. குழாய் போதும்.

மண் காயும்போது முள் திடீரெனச் சரிந்தால் நனைந்துவிட்டது என்று நம்பவேண்டாம். 80-85 தாண்டியதும் உள்ளே காற்று சேர்ந்துவிடும். கார்க்கைக் கழற்றி மறுபடி நிரப்ப வேண்டும்.